கடலோர வீடுகளில் பூஞ்சை: பெயின்ட் அடிக்கும் முன் சுவரைக் கொஞ்சம் விசாரியுங்கள்!

"பையன் எந்தச் சுவர் ஓரமா படுக்கிறான்?"

போன நவம்பரில் டாக்டர் இப்படிக் கேட்டபோது நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா மகனுக்கு ஐந்து வயது. மழைக்காலம் வந்தால் வீசிங் வந்துவிடும். நெபுலைசர், ராத்திரித் தூக்கமின்மை, இரண்டு நாள் ஸ்கூல் லீவு எல்லாம் எங்களுக்குப் பழகிப்போனவை. ஆனால், சுவரைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. பதில் சொன்னது அவன்தான். "யானைச் சுவர் பக்கம்!"

யானை என்பது எங்கள் படுக்கையறைச் சுவரின் ஈரத்திட்டு. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குச் சாம்பலும் கறுப்புமாகப் படர்ந்திருக்கும். நடுவில் மட்டும் முதுகு மாதிரி ஒரு மேடு, மூன்றடி வரைக்கும் எழும்பி நிற்கும். ஓரத்தில் தும்பிக்கை போல ஒரு கோடு. குழந்தைக் கண்ணுக்கு அது யானை. எங்களுக்கு அது ஓதம்.

நாங்கள் இருப்பது சென்னை பட்டினப்பாக்கம் பக்கம், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய அபார்ட்மென்ட்டின் தரைத்தளம். குடிவந்த பிறகு அந்த ஒரு சுவருக்கு மட்டும் மூன்று முறை பெயின்ட் அடித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் பெயின்டர் சுரண்டுவார், பட்டி பார்ப்பார், "இது ஈரத்துக்குன்னே வந்த பிரைமர் மேடம்" என்று ஒரு டப்பாவைக் காட்டுவார். பொங்கல் வரை சுவர் பளபளவென்று இருக்கும். அடுத்த அக்டோபரில் முதலில் தும்பிக்கை வரும், பிறகு முழு யானையும் வந்துவிடும்.

டாக்டர் பயமுறுத்தவில்லை. "சுவர்தான் காரணம்னு நான் சொல்லலை. ஆனா வீசிங் இருக்கிற பிள்ளைக்குப் பூஞ்சை ஒரு தூண்டுகோல். முதல்ல ரூமை மாத்துங்க, அப்புறம் சுவரைச் சரிபண்ணுங்க" என்றார். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டு ஈரம், பூஞ்சை பற்றியே தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஈரமான வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா தொந்தரவுகள் அதிகம் என்பதுதான் அதன் சாரம்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 2021-ல் கொரோனாவோடு சேர்ந்து வந்து பயமுறுத்திய 'கறுப்புப் பூஞ்சை' நோய் வேறு, சுவரில் கறுப்பாகத் தெரிவது வேறு. பாதிக்கப்பட்ட திசு கறுத்துப்போவதால் அந்த நோய்க்கு அந்தப் பெயர் வந்தது. பெரும்பாலும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் அது தாக்கியது. சுவரில் இருப்பவை பொதுவாக வேறு வகைகள். அதற்காக அலட்சியம் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் எந்த நிறப் பூஞ்சைக்கும் பக்கத்தில் படுக்கக் கூடாது.

சரி, பூஞ்சை எங்கிருந்து வருகிறது? எங்கிருந்தும் வரவில்லை, ஏற்கெனவே இருக்கிறது. அதன் விதைத்துகள்கள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன. அதற்குச் சாப்பாடு வேண்டும். தூசி, மரம், காகிதம், பசை, பெயின்ட் எல்லாமே சாப்பாடுதான். இதமான சூடு வேண்டும். நம் ஊரில் அதற்குக் குறைவே இல்லை. மூன்றாவதாக ஈரம். இந்த மூன்றில் நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நாங்கள் மூன்று முறை செலவழித்தது பூஞ்சையை மறைப்பதற்கு. ஈரம் எந்த வழியாக வருகிறது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

டாக்டரைப் பார்த்த மறுவாரம் ஆன்லைனில் ஒரு ஹியூமிடிட்டி மீட்டர் வாங்கினேன். சில நூறு ரூபாய்தான், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஹாலில் 71 சதவிகிதம் காட்டியது. யானைச் சுவரை ஒட்டி நின்ற பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். 86! வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 30 முதல் 50 என்கிறது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சென்னையில் நவம்பர் மாதம் ஏ.சி இல்லாமல் 50-ஐத் தொடுவது நடக்காத காரியம். நான் எனக்காக வைத்துக்கொண்ட கணக்கு, பெரும்பாலான நேரம் 70-க்குள். 80-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

அடுத்து ஒரு பிளாஸ்டிக் ஷீட். ஓரடிக்கு ஓரடி வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஈரச் சுவரில் இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். ஷீட்டின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் வியர்த்தால், அறைக் காற்றில் இருக்கும் ஈரம்தான் சுவரில் படிகிறது. சுவரைத் தொடும் உள்பக்கம் நனைந்திருந்தால், தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்கள் ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அதை போட்டோ எடுத்து ஹவுஸ் ஓனர் சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"நீங்க ஜன்னலே திறக்கிறதில்லம்மா. துணியெல்லாம் உள்ளேயே காயப்போடுறீங்க" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், முதல்முறையாக ஒரு கொத்தனாரை அனுப்பினார்.

வந்த அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். சுவரைத் தட்டினார். சில இடம் 'டொக் டொக்', சில இடம் பொள்ளென்று சத்தம். பெயர்ந்த பூச்சிலிருந்து வெள்ளைப் பொடியை விரலில் எடுத்து, "இது பூசணம் இல்ல பாப்பா, உப்பு. நாக்குல வெச்சுப் பாரு" என்றார். நான் மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். வெள்ளைப் பொடி கரைந்துபோனது. கரைந்தால் உப்பு, கரையாமல் பஞ்சுபோல நின்றால் பூஞ்சை. எங்கள் சுவரில் வெள்ளையாக இருந்தது உப்பு, கறுப்பாக இருந்தது பூஞ்சை. இரண்டும் கூட்டணி!

கடலோர வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள், ஆனாலும் உப்பு கசிந்து கிடக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். அதே உப்பு சுவருக்குள் இருந்தால்? சுவரே உப்பு ஜாடிதான். ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் வியர்க்கும். சரியாகக் கழுவாத மணல், கலவைக்கு ஊற்றிய உப்புத் தண்ணீர், நிலத்தடியிலிருந்து செங்கல் வழியே மேலேறும் ஈரம், ஓயாமல் அடிக்கும் கடல்காற்று எல்லாமே சுவருக்குள் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகி விரிந்து, பூச்சைத் தள்ளிவிடும். எந்தக் கம்பெனி பெயின்ட்டாக இருந்தாலும் அந்தத் தள்ளலுக்குத் தாங்காது.

"கீழேருந்து ஏறுற ஓதம்னா மேல்விளிம்பு ஏறக்குறைய ஒரே மட்டமா இருக்கும். இது ஏன் நடுவுல மட்டும் தூக்கிட்டு நிக்குது?" என்றார் அண்ணன். யானையின் முதுகு! சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பாத்ரூம். முதுகுக்கு நேர் பின்னால் குழாய். உள்ளே போகும் பைப்பின் ஜாயின்ட்டில் மெல்லிய கசிவு. வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, எல்லாம் செங்கல் குடித்துக்கொண்டிருந்தது. ஆக, எங்கள் சுவருக்கு இரண்டு வியாதி. கீழிருந்து ஏறும் உப்பு ஓதம் ஒன்று, பைப் கசிவு ஒன்று. மூன்று பெயின்ட் டப்பாக்களிலும் இந்த இரண்டுக்கும் மருந்து இல்லை.

உங்கள் வீட்டில் திட்டு எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை. மேல்தளத்தில் சீலிங்கிலோ சுவரின் மேல் பகுதியிலோ மழை பெய்த மறுநாள் தெரிந்தால் மொட்டை மாடியைப் பாருங்கள். தட்டோட்டு விரிசல், இலை அடைத்த தண்ணீர்க் குழாய், கைப்பிடிச் சுவர் சேரும் மூலை ஆகிய மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். ஜன்னல் ஓரம் என்றால் சன்ஷேடு. வருடம் முழுக்க ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் குழாய். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரையும் போடாமல், டேங்க் அளவைக் குறித்துவைத்துக் காலையில் பார்த்தால் பெரிய கசிவு தெரிந்துவிடும். எங்களுடையது போன்ற சின்னக் கசிவு அதில் பிடிபடாது. ஏ.சி அறைக்குப் பக்கத்து அறைச் சுவரில் பூஞ்சை வந்தால், டெம்பரேச்சரை மிகவும் குறைத்துவைக்கிறீர்கள் என்று அர்த்தம். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல அந்தச் சுவர் வியர்க்கிறது. ஏ.சியின் தண்ணீர் வெளியேறும் டியூப் அடைத்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. சீலிங்கில் ஈரத்தோடு துருநிறக் கோடோ, கம்பி ஓடும் வழியே நீள விரிசலோ தெரிந்தால் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள், இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். உப்பு கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், கான்கிரீட் வெடித்து விழும். கடலோரப் பழைய குடியிருப்புகளில் சீலிங் பெயர்ந்து விழுவது இப்படித்தான். அதன் கீழே கட்டில், தொட்டில் இருந்தால் இன்றைக்கே நகர்த்திவிடுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். யார் செலவு என்பதில் பேச்சு இழுத்தது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டத்தின் அட்டவணை, கட்டட அமைப்புப் பழுதுகளையும் பைப் மாற்றுவதையும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வைத்திருக்கிறது. நான் சட்டம் பேசவில்லை, அம்மா பேசவிடவும் இல்லை. "அட்வான்ஸ் அவர்கிட்ட இருக்குடி" என்ற ஒரே வாக்கியத்தில் என்னை உட்காரவைத்துவிட்டார். ஆனால் ஷீட் போட்டோ பேசியது, கொத்தனாரின் வார்த்தையும் பேசியது. பைப்பும் பூச்சும் ஓனர் செலவு, பெயின்ட் எங்கள் செலவு என்று முடிந்தது. வாடகைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவி வாங்கும் நாளிலேயே ஒவ்வொரு சுவரின் கீழ்ப்பகுதியையும் பீரோ வைக்கும் மூலையையும் தேதியோடு போட்டோ எடுத்துவையுங்கள். காலிசெய்யும்போது அட்வான்ஸில் பிடிக்கப்படும் 'பெயின்டிங் சார்ஜ்' பற்றிப் பேச அது உதவும். புது பெயின்ட் வாசனை அடிக்கும் வீட்டில் ஒரே ஒரு சுவர் மட்டும் கூடுதல் பளபளப்பாக இருந்தால், அங்கே கையை வைத்துப் பாருங்கள்.

பிப்ரவரியில் வேலை ஆரம்பித்தது. பைப்பை மாற்றிய பிறகு, ஈரக் கோட்டுக்கு ஓரடி மேலே வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல்லைத் திறந்துவிட்டார் அண்ணன். அதில் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டுமே தட்டி எடுத்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடுமாம். ஓதம் மேலே ஏறாமல் இருக்கச் சுவரின் அடியில் வரிசையாகத் துளைபோட்டு மருந்து செலுத்தினார்கள். இதைச் செய்ய வேறு ஆள் வந்தார். பிறகு மறுபூச்சு. "போர் தண்ணி வேணாம், மெட்ரோ வாட்டர் பிடிச்சு வைங்க" என்று அண்ணன் கறாராகச் சொன்னார். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. குடிக்கும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் கலவைக்குக் கொடுத்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பூசிய பிறகும் பெயின்ட் அடிக்கவில்லை. ஒன்பது இன்ச் சுவர் உள்ளே வரை காய மாதங்கள் ஆகும். கோடை முழுக்கச் சுவர் சாம்பல் நிறத்தில் மொட்டையாகவே நின்றது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் விசாரித்தார்கள். ஜூலையில் எமல்ஷன் வேண்டாம் என்று சுண்ணாம்பு அடித்தோம். பிளாஸ்டிக் போன்ற பளபளப்பு பெயின்ட் சுவருக்கு ரெயின்கோட் மாட்டியதுபோல. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் அதையே கொப்பளமாகத் தள்ளும். சுண்ணாம்பு மூச்சு விடும், அதன் காரத்தன்மையில் பூஞ்சையும் சுலபத்தில் பிடிக்காது. அந்தக் காரம் நாளாக நாளாகக் குறைந்துவிடும். பாட்டி வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது அழகுக்காக மட்டும் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

ஓனர் சார் சொன்ன குற்றச்சாட்டில் பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மெஷினில் பிழிந்து எடுத்த ஒரு லோடு துணியிலேயே சுமார் 2 லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும். மூடிய அறையில் காயப்போட்டால் அத்தனையும் அறைக் காற்றில்தான் கலக்கும். இப்போது மழை நாளில் துணி ஹாலில், ஜன்னலைத் திறந்து ஃபேனுக்குக் கீழே. பீரோவைச் சுவரிலிருந்து மூன்று இன்ச் தள்ளிவைத்தோம். இட்லிப் பானை ஏறினால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும், குளித்து முடித்தால் பாத்ரூம் ஃபேன் இன்னும் இருபது நிமிடம் ஓடும். மழையில் பாய், தலையணை, கார்பெட் எது நனைந்தாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் பூஞ்சை முந்திக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது வாசல்படி ஏறிவந்த தண்ணீரில் நனைந்த ஒரு மெத்தையை, காயட்டும் காயட்டும் என்று ஒரு வாரம் வைத்திருந்து வீணாக்கிய அனுபவம் எங்களுக்கு உண்டு.

ஜன்னல் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் கசப்பானது. சாயங்காலக் கடல்காற்று என்றால் எங்கள் தெருவுக்கே பெருமை. ஆனால் அந்தக் காற்று ஈரத்தையும் உப்பையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறது. மே, ஜூன் மாதங்களில் கடல்காற்று எழும் முன், முற்பகலில் மேற்கிலிருந்து வரும் காற்று கொதிக்கும். யாருக்கும் பிடிக்காது, ஆனால் காய்ந்த காற்று. அறைகளையும் பீரோவையும் திறந்துபோட அதுதான் நேரம். இதே நேரத்தில்தான் அம்மாவின் பட்டுப்புடவைகளும் வெளியே வரும். நேரடி வெயில் வேண்டாம், நிழலில் காற்றாடினால் போதும். மடிப்பை மாற்றி மடித்து, பிளாஸ்டிக் கவரில் போடாமல் பருத்தித் துணியில் சுற்றிவைக்க வேண்டும். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. மழைக்காலத்தில், மழை விட்டு வெயில் தலைகாட்டும் அந்த ஓரிரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

இருக்கிற பூஞ்சையைத் துடைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதலில் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு ஃபேனை நிறுத்துங்கள். என்95 மாஸ்க், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் துகள்கள் வீடு முழுக்கப் பறக்கும், அதனால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப்போட்டுவிட்டு, இடத்தை உடனே காயவையுங்கள். பிளீச்சிங் கரைசல் பாத்ரூம் டைல்ஸுக்குச் சரி, பூச்சுச் சுவருக்கு அதிகம் பயன் இல்லை. மேலே நிறம் வெளுக்கும், உள்ளே வேர் இருக்கும். பிளீச்சோடு டாய்லெட் கிளீனர் ஆசிட்டைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் பரவியிருந்தால் நீங்களே இறங்காமல், வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பூஞ்சை ஏறிய தலையணையைத் துவைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், தூக்கிப்போடுங்கள்.

இந்த வருட மழை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. பீரோவுக்குப் பின்னால் மீட்டர் இன்று காலை 73. என் கணக்குப்படி இன்னும் மூன்று அதிகம். ஜன்னல் பக்கத்து மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஓர் இடத்தில் சுண்ணாம்பு லேசாக உப்பிக்கொண்டு நிற்கிறது. கொத்தனார் அண்ணனுக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா மகனுக்கு இந்த முறை இன்னும் நெபுலைசர் எடுக்க வேண்டி வரவில்லை. இன்ஹேலர் மட்டும் டாக்டர் சொன்னபடி தொடர்கிறது, சுவர் சரியானதற்காக அதை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவனுக்கு ஒரே ஒரு வருத்தம்தான். நேற்று அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"சித்தி, யானை எப்போ வரும்?"